பொழுது சாய்கிற நேரத்துப் பாட்டு

எங்கள் வீட்டில் பாட்டுப் புத்தகம் இரண்டு உண்டு. ஒன்று, நான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கீர்த்தனைப் புத்தகம். மற்றது, என் மாமியாரின் பாமாலை. கிறிஸ்தவர் அல்லாத சகோதரிகளுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். கீர்த்தனை என்பது நம் ராகத்திலும் தாளத்திலும் அமைந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்ற பெரியவர்கள் தமிழிலேயே பாடி வைத்தது. பாமாலை என்பது மேல்நாட்டுப் பாட்டுகளைத் தமிழாக்கி, அந்த மெட்டிலேயே பாடுவது. 18-ஆம் நூற்றாண்டிலேயே பப்ரிசியஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் தம் நாட்டுப் பாட்டுகள் பலவற்றைத் தமிழில் தந்தார். இங்கிலீஷ் பாட்டுகளும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன.

நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். கஞ்சிராவும் ஜால்ராவுமாகக் கீர்த்தனையிலேயே வளர்ந்தவள். 1983-ல் கல்யாணமாகி, ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கும் இந்தக் கிராமத்துக்கு வந்தேன். வந்த முதல் வாரமே அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்:

“உங்க ஊட்டுப் பாட்டு ஓட்டமா ஓடுது கண்ணு! எங்க பாட்டு நடந்து போகும். வயசானவங்களும் கூடவே வரலாம்.”

அந்த ‘நடந்து போகிற’ பாட்டுகளில் அத்தைக்கு உயிரான பாட்டு ‘என்னோடிரும்’. கான்வென்டில் படித்த சகோதரிகள் இதன் இங்கிலீஷ் மூலத்தை ‘அபைட் வித் மீ’ என்று கேட்டிருப்பீர்கள்.

இதை எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைட் என்ற பாதிரியார். இங்கிலாந்தில் பிரிக்ஸ்ஹாம் என்ற மீனவர் ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்தவர். நெஞ்சு நோயால் உடம்பு தேய்ந்துபோய், 1847 செப்டம்பரில் தம் சபையாருக்குக் கடைசிப் பிரசங்கம் செய்தார். அந்த வருஷம் நவம்பரிலேயே, சுகம் தேடிப் போன நீஸ் நகரத்தில் கண்ணை மூடிவிட்டார். இன்று உலகம் முழுவதும் பாடுகிற மெட்டை வில்லியம் ஹென்றி மங்க் என்பவர் 1861-ல் அமைத்தார். அந்த மெட்டுக்கே ‘மாலை நேரம்’ என்று பொருள்படும் பெயர்தான் வைத்திருக்கிறார்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ நேரத்தில் கை கொடுத்த பாட்டு இது. முதல் உலகப் போரின்போது, 1915-ல், பெல்ஜியத்தில் எடித் கேவல் என்ற இங்கிலீஷ் நர்ஸுக்கு ஜெர்மானியர்கள் மரண தண்டனை விதித்தார்கள். அவர் கடைசி இரவில் பாதிரியாரோடு சேர்ந்து சொன்னது இந்தப் பாட்டைத்தான். நம் காந்தியடிகளுக்கும் மிகவும் பிடித்த பாட்டு. அதனால்தான் ஒவ்வொரு ஜனவரி 29-ஆம் தேதியும் டெல்லி விஜய் சவுக்கில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் பல வருஷங்கள் இதை வாசித்தார்கள்.

இந்த விவரமெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அத்தைக்கு இவை ஒன்றும் அவசியமாக இருக்கவில்லை. அவர் பாட்டைப் புரிந்துகொண்ட விதமே வேறு.

சேலத்தில் லண்டன் மிஷன் ஊழியம் தொடங்கியது 1827-ல். அதன் வழியாகச் சுற்று வட்டாரத்தில் பள்ளிக்கூடங்களும் போர்டிங்குகளும் வந்தன. 1936-ல் பிறந்த அத்தை, பத்து வயதில் சேலத்தில் ஒரு பெண்கள் போர்டிங்கில் சேர்க்கப்பட்டார். தாயை விட்டுப் பிரிந்த பிள்ளைகளுக்குப் பகலெல்லாம் ஒன்றும் தெரியாதாம். படிப்பு, விளையாட்டு, தோட்ட வேலை என்று போய்விடுமாம். பொழுது சாய்ந்தால்தான் ஊர் நினைப்பு வந்து தொண்டையை அடைக்குமாம். அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து இந்தப் பாட்டைப் பாடவைப்பாராம்.

“இது என்ன பாட்டு தெரியுமா கண்ணு? விருந்தாளிய நிறுத்தி வெக்கற பாட்டு!” என்பார் அத்தை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. லூக்கா சுவிசேஷத்தில் ஒரு சம்பவம் வருகிறது. இரண்டு பேர் எம்மாவு என்ற ஊருக்கு நடந்து போகிறார்கள். வழியில் ஒருவர் கூடச் சேர்ந்துகொள்கிறார். அவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர் வந்ததும் அவர் மேலே நடக்கப் பார்க்கிறார். இவர்களோ, இருட்டிவிட்டதே, எங்களோடு தங்குங்கள் என்று வருந்தி அழைக்கிறார்கள். பாட்டின் வேர் அந்த அழைப்புதான்.

நம் சேலம், நாமக்கல் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே! பொழுதோடே வீட்டுக்கு வந்தவர்களைச் சட்டென்று அனுப்ப மாட்டோம். “இந்நேரத்துக்கு எங்கீங்க போறீங்க? இருந்துட்டு விடிஞ்சு போங்க” என்று கையைப் பிடித்துக்கொள்வோம். பாட்டு சொல்வதும் அதைத்தானே? சீமையில் பிறந்த பாட்டை அத்தை நம் ஊர்த் திண்ணையில் உட்காரவைத்துவிட்டார்!

வீட்டில் தினசரி நியமம் ஒன்று இருந்தது. பொழுது மேற்கே இறங்கும்போது கடைசி வெளிச்சம் கிழக்கே கொல்லிமலை உச்சியில் கொஞ்ச நேரம் நிற்கும். களத்தில் காய்ந்த கிழங்கு சில்லைக் குவித்து மூடி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கைகால் கழுவி வந்து விளக்கைப் போடுவோம். மாமா தொடக்கப் பள்ளி வாத்தியார். அவர் ஒரு அதிகாரம் வாசிப்பார். அத்தை பாட்டை எடுப்பார். கரண்ட் போன நாளில் புத்தகம் பார்க்க முடியாது, ஆனால் அத்தைக்கு எல்லாச் சரணமும் மனப்பாடம். என் பிள்ளைகள் மூன்று பேரும் அவர் மடியில் இந்தப் பாட்டைக் கேட்டே தூங்கினார்கள். எங்கள் வீட்டில் இதுதான் ஜெபம், இதுதான் தாலாட்டு.

கொல்லிமலையைக் காட்டிப் பேரப் பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொல்வார். அந்த மலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரி 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் மனைவி எவலின் அம்மாள் பிற்பாடு, ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகு, திரும்ப அந்த மலைக்கே வந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1974-ல் தம் 95-ஆவது வயதில் இறக்கும்வரை இந்த நாட்டை விட்டுப் போகவில்லை. தொழுநோயாளிகளின் கைகளுக்கு வேலூரில் ஆபரேஷன் செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், இவர்கள் மகன்தான். 1914-ல் பிறந்தவர். “பாட்டுல ‘இரும்’னு கேக்கறோம். அந்த அம்மா இருந்தே காட்டிட்டாங்க” என்று முடிப்பார் அத்தை.

மாமா 2006-ல் காலமானார். அத்தை திடமாகத்தான் இருந்தார். 2014 வாக்கில்தான் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போடுவார். சாப்பிட்டதை மறந்து, “சோறு போடலியா?” என்பார். கோழி முட்டை எண்ணிக் கொடுக்கிறவர், பத்துக்கு மேல் தடுமாறினார். வயதான மறதிதானே என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

அப்புறம் மாலை நேரத் தொல்லை வந்தது. பகலெல்லாம் அமைதியாக இருப்பவர், நாலரை மணி ஆனால் எழுந்துவிடுவார். துணிப்பையில் ஒரு சேலை, பாமாலைப் புத்தகம், சீப்பு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசல் கேட்டில் போய் நிற்பார்.

“நான் ஊட்டுக்குப் போகோணும். என்ன உடு.”

“இதுதாம்மா நம்ம ஊடு” என்பார் என் வீட்டுக்காரர்.

“இல்ல, இது இல்ல. எங்கம்மா தேடுவாங்க.”

எண்பது வயதுப் பெரியவள் அம்மாவைத் தேடினால் நாம் என்ன பதில் சொல்வது? 2016-ல் ஒரு நாள், கேட் திறந்திருந்த ஐந்து நிமிஷத்தில் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலை வரை போய்விட்டார். லாரியும் முட்டை வேனும் விர்ரென்று பறக்கிற ரோடு! டீக்கடைக்காரர் அடையாளம் கண்டு கையைப் பிடித்து நிறுத்தியிராவிட்டால்... நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தைராய்டு, வைட்டமின் பி12 எல்லாம் ரத்தத்தில் சோதித்தார். இவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், அதை மருந்தால் சரிசெய்யலாம் என்பதால் முதலில் அதைப் பார்ப்பார்களாம். கடைசியில், இது அல்சைமர் என்கிற மறதி நோய், வெறும் வயோதிகம் இல்லை என்று விளக்கினார். சாயங்காலத்தில் குழப்பமும் பதற்றமும் அதிகமாவது இந்த நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படுவதுதானாம்.

இது ஏதோ எங்கள் ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2023-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கவனித்துக்கொள்வதும் பெரும்பாலும் பெண்கள்தான் என்பதைச் சொல்லவா வேண்டும்!

என் பெரிய நாத்தனார் வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். “உனக்கும் பிரஷர் இருக்குது. எத்தன நாளைக்கு ஒண்டியாச் சமாளிப்பே? எங்காச்சும் நல்ல விடுதியாப் பாத்துச் சேர்த்துடலாமா?” என்றார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். என் மேல் இருந்த அக்கறையில் சொன்னது. நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 2017-ல், என் மூத்த மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு இருபது நாள். ஒரு சாயங்காலம் அத்தை வழக்கம்போலப் பையோடு கேட்டில் நின்று கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே தூளியில் குழந்தை சிணுங்கியது. மகள் தூளியை ஆட்டிக்கொண்டே, தான் பாட்டி மடியில் கேட்ட அதே பாட்டை முணுமுணுத்தாள்.

கேட் ஆடுகிற சத்தம் நின்றது.

திரும்பிப் பார்க்கிறேன். அத்தை மெல்ல நடந்து உள்ளே வருகிறார். தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடப் பாட ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு மூன்றாவது சரணத்தில் வார்த்தை தடுமாறியது. அத்தைக்குத் தடுமாறவில்லை! காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாதவர், மகன் பெயரையே மறந்தவர், கடைசிச் சரணம்வரை ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, “பச்சப்புள்ள தூங்குது, கதவச் சாத்துங்க” என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் கூடப் பாடிக்கொண்டிருந்தேன்.

“நல்லாப் பாடறியே, நீ எந்த ஊருப் புள்ள?”

“ஆத்தூர்ப் பக்கமுங்க அத்தை.”

“ஆத்தூரா? அவுங்க ஓட்டமா ஓடுவாங்களே!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முப்பத்து நாலு வருஷம் கூட இருந்த மருமகளை மறந்துவிட்டார். மருமகளைக் கேலி செய்தது மட்டும் மறக்கவில்லை!

மறுமுறை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பாடிய பாட்டு, மூளையில் மற்ற ஞாபகங்கள் தங்குகிற இடத்தோடு நின்றுவிடாமல் இன்னும் பல இடங்களில் வேர்விட்டிருக்குமாம். இந்த நோய் அந்த இடங்களில் சிலவற்றைத் தாமதமாகத்தான் தொடுமாம். அதனால் பேச்சுப் போன பிறகும் பாட்டு நிற்பது உண்டு என்றார். நோயை அது குணமாக்காது. ஆனால் பதற்றத்தைத் தணிக்கும்.

அன்றிலிருந்து சாயங்காலத்தை நாங்கள் மாற்றி அமைத்தோம். இருட்டட்டும் என்று காத்திராமல் ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம். மங்கலான வெளிச்சத்தில் நிழலைப் பார்த்தும் அவர்கள் பயப்படுவார்கள். டி.வி. சத்தத்தை நிறுத்திவிடுவோம். மதியத்துக்கு மேல் காப்பி இல்லை. காலை வெயிலில் களத்தைச் சுற்றி நடக்கவைப்போம், பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் இல்லை. “ஊட்டுக்குப் போகோணும்” என்றால், “இதுதான் வீடு” என்று வாதாடுவதை விட்டோம். “போகலாமுங்கத்தை, ஒரு பாட்டுப் பாடிட்டுப் போகலாம்” என்று கையைப் பிடித்து உட்காரவைப்போம். கேட்டுக்கு உள்தாழ்ப்பாள் போட்டோம். விலாசமும் போன் நம்பரும் எழுதிய அட்டையைப் பையில் தைத்தோம். எல்லா நாளும் பாட்டு பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல நாள் பலித்தது. பெரிய நாத்தனாரும் சனிக்கிழமை தவறாமல் வந்து இரண்டு இரவு அத்தை பக்கத்தில் படுத்துக்கொண்டார். அந்த இரண்டு இரவுத் தூக்கம்தான் எனக்கு மருந்து. விடுதிப் பேச்சு தானாக நின்றுபோயிற்று.

இப்படி ஒரு சாயங்காலம் பாடி முடித்து, விளக்கெல்லாம் எரிய, நான் எழுந்து சமையலறைக்குப் போகத் திரும்பினேன். அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். என்னை யாரோ வந்த மனுஷி என்றுதான் நினைத்திருக்கிறார்.

“பொழுது போயிருச்சே கண்ணு, இந்நேரத்துக்கு எங்க போறே? இன்னிக்கு எங்கூட இருந்துட்டு, விடிஞ்சு போ.”

“சரிங்கத்தை, இருக்கறேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்திருந்த பருப்பு அன்றைக்குப் பொங்கி வழிந்தது. வழிந்தால் வழியட்டும் என்று இருந்துவிட்டேன்.

போகப் போக வார்த்தைகள் குறைந்தன. முதலில் சரணங்கள் போயின. அப்புறம் வெறும் ராகம். கடைசி வருஷம், நாங்கள் பாடினால் கட்டில் விளிம்பில் விரல் மட்டும் தாளம் போடும். 2021 ஜனவரி 29-ஆம் தேதி சாயங்காலம், டெல்லியிலிருந்து டி.வி.யில் மணியோசையோடு அந்த மெட்டு வந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தார். விரல் அசைந்தது. அந்த வருஷம் ஜூலையில், 85-ஆவது வயதில், எங்கள் வீட்டிலேயே அடங்கிப்போனார். கொரோனாக் கட்டுப்பாட்டினால் உறவுக் கூட்டம் இல்லை. வீட்டு மனிதர்கள் மட்டும் சுற்றி நின்று, அவர் சொன்னதுபோல் ‘நடந்தே’ அந்தப் பாட்டைப் பாடி அனுப்பினோம். 2022-லிருந்து டெல்லி நிகழ்ச்சியிலும் அந்த மெட்டை எடுத்துவிட்டார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஒரு பாட்டு நிச்சயம் இருக்கும். கந்த சஷ்டி கவசமோ, திருப்புகழோ, ஓதிய சூராவோ, நாற்று நடும்போது பாடிய பாட்டோ, பழைய சினிமாப் பாட்டோ, எதுவாகவும் இருக்கட்டும். அவர்களுக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இப்போது கையிலேயே போன் இருக்கிறது, அவர்கள் குரலிலேயே பதிவு செய்தும் வைக்கலாம்.

மறதி நோய் உள்ளவர்களுக்குக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால், நோய் முற்றிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், காய்ச்சல், தண்ணீர் போதாமை, புதிதாகக் கொடுத்த மாத்திரை, இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வாரத்தில் ஓரிரு இரவாவது பொறுப்பை வேறொருவரிடம் விட்டு நீங்கள் தூங்குங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையைத் தூங்கவைக்கப் போனில் பாட்டுப் போடுவதோடு நிறுத்தாமல், உங்கள் வாயாலும் ஒரு பாட்டைத் தினமும் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஓட்டமாகப் பாடினாலும் சரி, நடந்து பாடினாலும் சரி. எழுபது எண்பது வருஷம் கழித்து, எல்லாம் மறந்துபோன ஒரு சாயங்காலத்தில், அந்தக் குழந்தைக்குத் துணையிருக்கப்போவது அந்தப் பாட்டாகவும் இருக்கலாம்.